சொன்ன விலைக்குத் தராதவள்

சொன்ன விலைக்கு மீன் வாங்கியதற்காக நான் ஒரே ஒருத்தியிடம்தான் திட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த முதல் வாரம் அது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா உத்தியோகம். ஸ்டேஷனை ஒட்டி ஓட்டு வீடு. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் எல்லாமே புதுசு. மண்ணில் உப்பு, தண்ணீரில் உப்பு, பேச்சில் பாதி தெலுங்கு. இன்றைக்கு அங்கே திரும்பிய பக்கமெல்லாம் தொழிற்சாலைப் புகைபோக்கி நிற்கிறதாம். அன்றைக்கு ரயில் எஞ்சின் வந்தால்தான் புகை.

வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண்பிள்ளை விலை சொன்னாள். நான் உள்ளே போய்க் காசை எடுத்து வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, நான் ஒரு வெல சொல்றேன், நீ பாட்டுக்கு எட்த்தாந்து நீட்டினுகீறே? ஒரு வார்த்த கேக்க மாட்டே? நான் இன்னா பிச்ச எட்க்க வந்துகீறேனா?"

"நீங்கதானே அந்த விலை சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன். சொல்றது என் வேல. கொறச்சுக் கேக்கறது உன் வேல. அவங்கவங்க வேலய அவங்கவங்க பாக்கணும்."

நான் திருதிருவென்று விழித்தேன். இவளுக்குச் சொல்லித் தந்தால்தான் ஆகும் என்று முடிவு செய்தாளோ என்னவோ, கூடையைத் தாண்டி என் பக்கம் வந்து நின்றுகொண்டாள். "இந்த நாற மீனுக்கா இவ்ளோ?" என்று காலியாக இருந்த தன் இடத்தைப் பார்த்துக் கேட்டாள். உடனே ஓடிப்போய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "நாற மீனா? கண்ணப் பாரு, எப்டி முழிச்சினுகீது!" என்று எனக்குப் பதில் சொன்னாள். மறுபடி என் பக்கம். மறுபடி அவள் பக்கம். இரண்டு பேருக்கும் அவளே வியர்த்து வழியப் பேசி, கடைசியில் கூறின் மேல் இரண்டு மடவை மீனைக் கூடப் போட்டாள். "இப்ப தா காசு" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிட்டது. சுண்ணாம்புக்குளத்து ஏரிக்கரையில் குடிசை. புருஷன் விடிவதற்குள் படகில் போய்ப் பழவேற்காட்டு ஏரியில் பிடித்து வருவதை, கட்டைவண்டியில் தொற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருக்களில் விற்பாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு. குரல் ஒன்று போதும்; அவள் லெவல் கிராஸிங்கில் விலை சொன்னால் பிளாட்பாரத்தில் இருப்பவர் குறைத்துக் கேட்கலாம்.

பேரம் அவளுக்குப் பிழைப்பு மட்டுமில்லை, சாப்பாடே அதுதான். மீனை எடுத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் ஏறினாள் என்று டிக்கெட் பரிசோதகர் ஒருமுறை இறக்கிவிட்டார். அபராதத்தை அவள் பேசிப் பேசிக் குறைத்ததில், கடைசியில் அவரே அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தெய்வத்தையும் அவள் விட்டதில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் விட்டால் அம்மனுக்குக் கோழி என்று நேர்ந்துகொண்டவள், கோயிலுக்கு முட்டையோடு போனாள். "ஜொரம் வுட்ச்சு, சரி. இருமல் அப்டியே கீதே? மீதி வேலய முடிச்சிட்டு கோயி கேளு" என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயத்தில் மெட்ராஸ் யாருக்கு என்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தபோது அவளுக்கு வந்த வருத்தம் வேறு. "என்னிய கூப்ட்டிருந்தா பொயுது சாயறதுக்குள்ள முடிச்சிருப்பேன்" என்றாள்.

புருஷன் அவளுக்கு நேர்மாறு. பேசவே மாட்டார். மாமா என்று அவள் கூப்பிடுவாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எது கேட்டாலும் தலையை ஆட்டுவார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேச்சு போதும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு பேசும் வாயில் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும். அது வெளியே தெரியாது. அவள் பிறந்தது வடக்கே தொலைவில் தெலுங்குக் கடலோரம். அங்கே பெண்பிள்ளைகள் சுருட்டைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். நெருப்பு முனை வாய்க்குள், வெறும் முனை உதட்டில். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"சுடலியாக்கா?"

"இன்னா சுடுது? கடக்கரைல காத்தடிச்சா வெளிய நெருப்பு நிக்குமா? உள்ள வெச்சா அணையாது, ரெண்டு கையும் ஃப்ரீ."

சுருட்டைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டே பேரம் பேசுவாள். மூக்கு வழியாகப் புகை வரும். எஞ்சினுக்கு ஒரு புகைபோக்கி, இந்த அம்மாவுக்கு இரண்டு என்பார் என் வீட்டுக்காரர்.

அவளுக்கு ஈடுகொடுக்க எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். மளிகைக்கடை பாயின் மனைவி. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். வியாபாரம் இரத்தத்தில் ஓடியது. வாசற்படி தாண்டி வரமாட்டார். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்; இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அவர். ஒருவர் மீனைப் பழிப்பார், இன்னொருத்தி குலத்தையே இழுப்பாள். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். இரண்டு பேரும் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் "பாயம்மா கிட்ட வித்தாதான் வித்தா மாதிரி கீது" என்பாள் அக்கா, கூடையைத் தூக்கிக்கொண்டே.

அந்தப் பேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு கிளம்பினாள். மேல்வாயில் ரொம்ப நாளாகவே வெள்ளையாகத் தடித்துப் போயிருந்ததாம். கொதிக்கிற குழம்பை ஊற்றினாலும் சூடு தெரியாது என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது அங்கே புண் வந்து, பல் ஆடி, துப்பினால் இரத்தம். அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் இரண்டு சுருட்டு. "புண்ணுக்கு சூடு காட்னா ஆறிடும் பாப்பா." ஒருநாள் என் வீட்டில் மோர் சாதத்தை விழுங்க முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கே என் வீட்டுக்காரரை நச்சரித்து மறுநாள் காலை வண்டியில் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் இளவயசுக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது புற்றுநோய்மா. ஆனா குணமாக்க முயற்சி பண்ணலாம், நேரம் இருக்கு. முதல்ல கரண்ட் வைக்கணும், கதிர்வீச்சு. அப்புறம் மேல்வாயில வலப்பக்கம் பாதியும் அந்தப் பக்கத்துப் பல்லும் எடுக்கணும்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை. தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். ஐயோ, இங்கேயுமா என்று நினைத்தேன்.

"பாதி ஜாஸ்தி நைனா. கால்வாசி எட்த்துக்க. பல்லு வோணும்னா ரெண்டு சேத்துக்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அம்மா, இது நாம முடிவு பண்ற விஷயம் இல்லை. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கோ அவ்வளவும் எடுத்தாகணும்."

"போவட்டும், காலே அரைக்கால். அதுக்கு மேல கட்டாது."

"முடியாதும்மா."

"எனக்கும் கட்டாது நைனா" என்று எழுந்தாள். முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டர் பெருமூச்சு விட்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவள் எங்கேயும் போய்விடவில்லை. வராந்தாத் தூணருகில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காது மட்டும் கதவிடம் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அது கோபமில்லை, பேரத்தில் ஒரு படி. பின்னாலிருந்து "ஏ, வா இங்க" என்று ஒரு குரல் வர வேண்டும். வந்தால் திரும்பலாம். வராமல் தானாகத் திரும்பினால் மானம் போய்விடும்.

"இன்னும் கூப்டலியே?" என்றாள் திரும்பாமல். "அந்த ஆளுக்குப் பேரமே தெரியாதா பாப்பா?"

"நாமே உள்ள போவோம் வாங்கக்கா."

"நானே போனா அவன் முழு வாயையும் கேப்பான்."

சொல்லும்போது பழைய துடுக்கு இருந்தது. ஆனால் தூணை இறுக்கிப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை. அவளுக்கும் பயம் வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வரிசையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு நான் டாக்டரிடம் போனேன்.

"நீங்க அவங்களைக் கூப்பிடணும் டாக்டர்."

"அவங்கதான் வேணாம்னு போயிட்டாங்களே?"

"போகலை டாக்டர். நீங்க கூப்பிடறதுக்காக நிக்கிறாங்க."

நல்ல மனுஷர். இந்த ஊர்ப் பைத்தியங்களோடு என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து கதவு வரைக்கும் வந்தார். "அம்மா! வாங்க, பேசிக்கலாம்!" என்று உரக்கக் கூப்பிட்டார். அக்கா ஏதோ மறந்துவிட்டதை எடுக்கத் திரும்புகிறவள் மாதிரி, அவசரமே இல்லாமல் திரும்பினாள்.

பாதி பாதிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் கடைவாய்ப் பல் ஒன்றை விட்டுவிடுவதாக டாக்டர் இறங்கி வந்தார். அவளுக்கு அது போதும். அந்தப் பல் எப்படியும் இருக்க வேண்டிய பல்தான், பின்னால் வாய்க்குத் தட்டு மாட்டப் பிடிப்பு வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பத்தே நிமிஷத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டார்! சுருட்டு விஷயத்தில் மட்டும் அவர் அசையவில்லை.

"ஒண்ணுகூடக் கூடாது."

"காலைல ஒண்ணு?"

"கூடாது."

"பத்த வெக்காம, சும்மா வாய்ல?"

"கூடாதும்மா."

மடியிலிருந்து சுருட்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதுல கெட்டிக்காரன்தான்" என்றாள் என்னிடம். அதோடு அவள் சுருட்டைத் தொடவில்லை. நடுவில் எத்தனையோ நாள் கைவிரல்கள் தானாக மடியைத் தடவியதைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் வைத்ததில் கன்னம் சுட்ட கத்தரிக்காயாகக் கருத்தது. வாயெல்லாம் புண். எச்சில் வற்றி, எதைக் கொடுத்தாலும் சுண்ணாம்பு தின்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அப்புறம் ஆபரேஷன். மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகக் கஞ்சி. பேச முடியாத அக்காவை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. போய்ப் பார்த்தால், நர்ஸ் நான்கு விரலைக் காட்டுகிறாள், இவள் இரண்டு விரலைக் காட்டுகிறாள். நான்கு டம்ளர் கஞ்சியா, இரண்டு டம்ளரா என்று வழக்கு. நர்ஸ் சரியென்று இரண்டு விரலை மடக்கிக் காட்டிவிட்டு மூன்று டம்ளர் ஏற்றிவிட்டாள். மாமா வராந்தாவிலேயே படுத்து, வராந்தாவிலேயே எழுந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தாடை இறுகிக்கொண்டது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. மரக்குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி வைத்துப் பழக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்கு ஒரு குச்சியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கண்ணில் நீர் வழிய வழிய உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் குடித்தால் மேல்வாய் ஓட்டை வழியாக ஏறி மூக்கால் வரும். அந்த ஓட்டையை அடைக்கப் பல் டாக்டர்கள் அச்செடுத்து ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, அதன் விலை என்ன என்பது. பயங்கர ஜலதோஷம் பிடித்தவள் பேசுவது மாதிரி இருந்தாலும் வார்த்தை புரிந்தது. விலையெல்லாம் இல்லை, சும்மாதான் என்றார்கள். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "சும்மா குட்த்தா அது இன்னா தட்டு?" என்றாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, புண் நன்றாக ஆறிவிட்டது, இனி நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டியதுதான் என்று அனுப்பி வைத்தார். நாங்கள் எல்லோரும் கண்டம் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். கண்டம் கும்மிடிப்பூண்டியில் காத்திருந்தது.

ஒரு பக்கக் கன்னம் உள்வாங்கி, தலைத்துணியால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு அவள் மறுபடி கூடையோடு வந்தபோது, தெருவே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. விலை சொன்னாள். முதல் வீட்டில் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் மீனையே வாங்காமல் காசை மட்டும் கூடையில் போட்டார்கள். பாவம், வாய் போனவளிடம் என்ன பேரம் என்று ஊர் முழுக்க ஒரே நல்ல மனசு. விலையை வேண்டுமென்றே ஏற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அதையும் கொடுத்திருக்கிறார்கள். சண்டைக்கு வருவார்கள் என்று அழுகல் மீனைக்கூட எடுத்து வைத்தாளாம். அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். என் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"நான் செத்துட்டனா பாப்பா?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து மாமா வந்தார். அவர் என் வாசலில் நின்று தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தட்ட கயட்டி தேங்காத்தொட்டில போட்டு வெச்சிட்டா. பேசமாட்றா. கஞ்சி ஊத்தினா வேணான்றா, பசிக்கலன்றா. நேத்து துணி தொங்கற மாதிரி நடந்தா" என்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "ஊட்ல சத்தமே இல்ல பாப்பா. எனக்குத் தூக்கம் வர்ல."

நான் மறுநாளே ஏரிக்கரைக்குப் போனேன். அவள் குடிசைக்குள் சுருண்டு கிடந்தாள். மணிக்கட்டு ஈர்க்குச்சியாக இருந்தது. அவளை நோய் கொல்லவில்லை, எங்கள் இரக்கம்தான் கொல்லப் போகிறது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியில் கிடந்த மீனைக் காட்டி, "இந்த நாற மீனுக்கு என்ன விலை?" என்றேன், குரலை முரட்டுத்தனமாக வைத்துக்கொண்டு. அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தட்டில்லாத வாயால் மூக்கு வழியாக ஏதோ சொன்னாள். இரண்டாம் தடவைதான் புரிந்தது. நடிக்காதே என்றாள். எனக்குப் பேரமும் வராது, நடிப்பும் வராது. அழுதுகொண்டே திரும்பி வந்தேன்.

அப்போதுதான் மகள் பிரசவத்துக்காகப் பழவேற்காடு போயிருந்த பாயம்மா ஊர் திரும்பினார். போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் அவளிடம் பேரம் பேசினால் தேவலை, ஆனால் பார்த்து, மெதுவாக, உடம்பு சரியில்லாதவள் என்றேன்.

"எனக்கு சொல்லித் தர்றியா நீ?" என்றார் பாயம்மா. "மீனு நல்லாயிருந்தா வெல கேப்பேன். நல்லால்லன்னா திட்டுவேன். அவ வாய்ல ஓட்டை இருந்தா எனக்கின்னா?"

"அவங்கதான் தெருவுக்கே வர்றதில்லையே?"

அவர் உடனே கடைக்கு ஆள் அனுப்பி வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். வாசற்படி தாண்டாத பாயம்மா, மீன் வாங்க ஏரிக்கரைக்குக் கிளம்புகிறார் என்றதும் பாய் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "உங்க கணக்க நீங்க பாருங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு திரையை இழுத்துவிட்டார்.

சுண்ணாம்புக்குளத்துக் கரையில் வண்டி நின்றதும் குப்பமே கூடிவிட்டது. மாமா அப்போதுதான் மீனைக் கொட்டியிருந்தார். அக்கா குடிசை வாசலில், தலைத்துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு சாய்ந்திருந்தாள். பாயம்மா திரையை நான்கு விரல் அளவு நீக்கினார்.

"ஏ, இன்னா மீனு அது?"

"மடவ, தாயே" என்றார் மாமா. "எட்த்துக்கோங்க. குடுக்கறத குடுங்க."

"உன்ன யாரு கேட்டது? விக்கிறவ எங்க?"

அக்கா மெல்ல நிமிர்ந்தாள். ஏதோ விலை சொன்னாள். மூக்கால் ஒரு காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"இன்னா சொன்னே? ஒரு எழவும் புரியல. வாய்க்குத் தட்டு குட்த்தாங்களாமே, அத்த மாட்டிகினு வந்து பேசு. மாடு ரெண்டும் வெயில்ல நிக்கிது."

கூட்டத்தில் யாரோ, "நோவாளிய இப்டியா பேசறது?" என்றார்கள். நான் திரைக்குள்ளே பாயம்மாவின் கையைக் கிள்ளினேன். அவர் என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.

அக்கா வண்டியையே முறைத்தாள். எழுந்து உள்ளே போனாள். கதவை அடைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தலைத்துணி தோளுக்கு இறங்கியிருந்தது. ஒட்டிய கன்னத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு நடந்து வந்து, வண்டிக்கு நேராக நின்று, விலையைச் சொன்னாள். கரகரவென்று இருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவ்ளோவா?" என்றார் பாயம்மா. "செவுள தூக்கிக் காட்டு. யா அல்லா! இது போன வாரமே செத்த மீனு."

"போன வாரமா? விடிகால்ல வலைல துள்ளுச்சு! உன் ஊட்டு கருவாட்டப் பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு அவிஞ்சிபூட்ச்சு!"

"கண்ணு நல்லாதான் கீது. கூறுக்கு இன்னும் நாலு மீனு போடு."

"நாலா? ஏரியவே வண்டில ஏத்திகினு போயேன்!"

"ஏரி உங்க மாமன் ஊட்டு சொத்தா? நாலு போடு, மேல நண்டு ரெண்டு வை."

"நண்டா!" அக்கா மண்ணை வாரித் தூற்றினாள். பாயம்மா திரையைப் படீரென்று இழுத்துவிட்டு, அடுத்த நிமிஷம் மறுபடி நீக்கினார். மாடுகள் இரண்டும் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டன. நாக்கு வறண்டு அக்கா நடுநடுவே தண்ணீரை வாங்கிக் குடித்தாள். குடித்ததில் கொஞ்சம் மூக்கால் ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முடிவில் பாயம்மா நாலு மீனும் வாங்கிவிட்டார், நண்டும் வாங்கிவிட்டார். அவ்வளவு கூடுதலாக அக்காவிடம் யாரும் எப்போதும் வாங்கியதில்லை. நான் வண்டியைவிட்டு இறங்கும்போது பாயம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். "கொரலு அப்டியேதான் கீது" என்றார் என்னிடம், யாருக்கும் கேட்காமல்.

வண்டி போன திசையைப் பார்த்து அக்கா குதித்தாள். கொள்ளைக்காரி என்றாள், கண்ணில் மண் தூவிவிட்டாள் என்றாள். இடுப்புச் சேலை நழுவியதை இறுக்கிச் செருகிக்கொண்டு மாமாவிடம் திரும்பினாள்.

"மாமா! நட்டு வெச்ச கம்பமாட்டம் நின்னுகீறியே, பசிக்குது எனக்கு!"

மாமா அடுப்பிலிருந்த கஞ்சிச் சட்டியை எடுக்க ஓடினார்.

"கஞ்சி வோணாம். அந்தம்மா எட்த்தது போவ மீந்த மீன கொயம்பு வை. சோத்த நல்லா கொயைய வுடு. இன்னிக்கித் துன்னுட்டு நாளிக்கி நான் கும்மிடிப்பூண்டிக்கே போறேன் பாரு. அந்த ரெண்டு நண்டையும் அவ கிட்டேந்து புடுங்காம வுட்டா நான் ஒரு பொம்பளையே இல்ல!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீனைச் செதில் சீவ ஆரம்பித்தார். இரண்டு இழுப்பு இழுத்தார். அப்புறம் கத்தியைக் கையில் பிடித்தபடியே, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா என் மூஞ்சியப் பாத்துகினுகீறே?" என்றாள் அக்கா. "மீன கய்வு."